பட்டணத்துக்குப் பந்தி விரித்தவர்

ஆண்டு விழா மலர்களில் புலவர்களின் வரலாறும், அரசர்களின் வரலாறும், நாட்டு விடுதலைக்குச் சிறை சென்ற சான்றோரின் வரலாறும் இடம்பெறுதல் வழக்கம். அவ்வழக்கத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் வாழ்க்கை நடத்தும் நம் போன்றோர் கூடி வெளியிடும் இம்மலரில், தாமும் அவ்வாறே பிறமொழி வழங்கும் ஊருக்கு வந்து, வந்த ஊருக்கே சோறிட்டு, அவ்வூரின் பெயரோடு தம் பெயரும் இணைந்து வழங்குமாறு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்லுதல் பொருத்தமெனத் தோன்றியது. அவர் தமிழர் அல்லர். துளு வழங்கும் நாட்டினர். கவிதை எழுதியவர் அல்லர். காபியும் தோசையும் விற்றவர். உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ் என்றால் ஒரு தலைமுறைக்கு முந்தைய சென்னையில் அறியாதார் இலர்.

பலமனேருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். நேரான தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இவ்வூர் இருக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெங்களூரிலிருந்து கோலார், முளுபாகல் வழியாகச் சென்னைக்கு இறங்கும் பழைய நெடுஞ்சாலை நம் ஊரைத் தொட்டு, மொகிலிக் கணவாயில் இறங்கிச் சித்தூரை அடைகிறது. கடல் மட்டத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு அடிக்கு மேல் அமைந்து, கீழே உள்ள சமவெளியைக் காட்டிலும் குளிர்ச்சி உடையதாகையால், நீலகிரிக்குப் பாதை திறக்கும் முன்னர்ச் சென்னையிலிருந்த வெள்ளையர் உடல் தேறுவதற்கு இங்கே வந்து தங்குவர் என்று பழைய அரசாங்க ஏடுகள் கூறும். அவர்கள் பட்டணத்திலிருந்து இங்கே ஏறி வந்தார்கள். நம்மவரோ வழக்குக்கும், வைத்தியத்துக்கும், கல்லூரிப் படிப்புக்கும், திருமணப் பட்டுக்கும் இங்கிருந்து பட்டணத்துக்கு இறங்கிப் போனார்கள். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர நாடு தனியே பிரியும் வரையில் சித்தூர் மாவட்டத்துக்குத் தலைநகரம் சென்னையே. கிருஷ்ண ராவ் பிறந்த தென்கன்னட மாவட்டமும் 1956 வரையில் அதே சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே மேற்குக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற இளைஞனும், கணவாய்க்கு மேலிருந்து சென்ற நம் முன்னோரும் ஒரே தலைநகரத்தை நாடிச் சென்றவர்களே. மொழி வேறு, தேவை ஒன்று. அங்கே இறங்கியதும் இருசாராருக்கும் எழுந்த முதற் கேள்வியும் ஒன்றே: எங்கே தங்குவது, எங்கே உண்பது?

அக்கேள்விக்கு விடை சொல்வதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் கிருஷ்ண ராவ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், உடுப்பியைச் சார்ந்த கடந்தலே என்னும் சிற்றூரில் வறிய அந்தணக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். உடுப்பியின் பெருமை கண்ணன் கோயிலால் வந்தது. மத்துவாசாரியர் நிறுவிய எட்டு மடங்களால் வந்தது. முறை வைத்துக் கண்ணனுக்குப் பூசை செய்யும் அம்மடங்களில், வழிபாட்டுக்கு இணையாக நடைபெறும் மற்றொரு பெருந்தொழில் சமையல். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்கும், விழாக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கும் அங்கே இலை போடப்படும். வெங்காயமும் பூண்டும் இன்றி, தேங்காயும் வெல்லமும் புளியும் மிளகாயும் அளவறிந்து கூட்டி, பெரிய அண்டாக்களில் ஒரே சுவையாகச் சமைத்து இறக்கும் கலையை அந்நாட்டார் மடப்பள்ளிகளிலேயே பயின்றனர். சமையற் கல்லூரிகள் தோன்றாத அக்காலத்தில் உடுப்பி மடப்பள்ளியே ஒரு கல்லூரி என்று சொன்னால் மிகையாகாது. படிப்புக்கு வழியற்ற சிறுவர்கள் அங்கே தண்ணீர் இறைத்து, பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, மெல்ல மெல்ல அடுப்பருகே இடம் பெறுவர். கிருஷ்ண ராவும் அவ்வாறே மடத்துச் சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கியவர்.

நிலம் குறைந்து, பிள்ளைகள் மிகுந்து, குத்தகை நெல்லும் பற்றாத குடும்பங்கள் அப்பகுதியில் பல. ஆகவே பையன்கள் வெளியூர் புறப்பட்டனர். பம்பாய்க்குச் சென்றோர் ஒருசாரார். பெங்களூருக்குச் சென்றோர் ஒருசாரார். சென்னைக்கு வந்தோர் ஒருசாரார். பெங்களூரில் 1924-இல் தொடங்கிப் பின்னர் மாவள்ளி டிபன் ரூம் எனப் பெயர் பெற்ற சிற்றுண்டிச் சாலையும், பம்பாய் மாட்டுங்காவில் 1942-இல் ராம நாயக் என்பார் தொடங்கிய உணவகமும் அந்தப் புறப்பாட்டின் பயனாக விளைந்தவையே. கையில் பொருள் இல்லை, ஆங்கிலம் இல்லை, செல்வாக்குடைய உறவினர் இல்லை. கைத்திறன் ஒன்று மட்டும் உண்டு. அதைக் கொண்டு ஒரு சிற்றூர்க் கூட்டம் இந்தியப் பெருநகரங்களின் காலை உணவையே மாற்றி அமைத்துவிட்டது. இதனை நம் பொருளாதார நூலார் போதிய அளவு எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. ஆலை வைத்தவர்களின் வரலாற்றை எழுதுவோருக்கு அடுப்பு வைத்தவர்களின் வரலாறு கண்ணில் படுவதில்லை போலும்.

கிருஷ்ண ராவ் சென்னைக்கு வந்தது 1920-களின் முற்பகுதியில். அன்றைய சென்னை எப்படி இருந்தது என்பதைச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

நகரின் உயிர் அப்பொழுது ஜார்ஜ் டவுனில் இருந்தது. துறைமுகமும், உயர்நீதிமன்றமும், பாரி முனையும், வங்கிகளும், மொத்த வியாபாரக் கடைகளும் அங்கேயே நெருங்கி நின்றன. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் குறுந்தெருக்களில் மூட்டை சுமப்போரும், ஒற்றை மாட்டு வண்டிகளும், கைரிக்‌ஷாக்களும், ஜட்கா வண்டிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்லும். 1895-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் அது. மணி அடித்துக்கொண்டு அந்த வண்டி வரும்போது மற்றவையெல்லாம் ஒதுங்கும். மாடு மட்டும் ஒதுங்காது. அந்த டிராமும் 1953 ஏப்ரலில் நின்றுபோயிற்று. மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா 1973-இல் ஒழிக்கப்பட்டது. பின்னது ஒழிந்ததைப் பற்றி யாரும் வருந்த வேண்டுவதில்லை. பழமையில் இழப்பதற்கு உரியனவும் உண்டு.

வெளியூர்களிலிருந்து வந்து கச்சேரிகளிலும் வாணிப நிலையங்களிலும் எழுத்தர்களாய் அமர்ந்த இளைஞர்கள் தனியறைகளில் நாலைந்து பேராகத் தங்கினர். வீட்டுச் சாப்பாடு இல்லை. மாதக் கணக்குக்குச் சோறு போடும் மெஸ்கள் சில இருந்தன. காலையிலும் மாலையிலும் அவர்களுக்குப் புகலிடம் காபி கிளப்புகள். கிளப் என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாக எண்ணிவிட வேண்டா. ஒடுங்கிய முன்கட்டு, புகை படிந்த சுவர், நீண்ட பெஞ்சு அல்லது தரையில் மணைப்பலகை, உள்ளே விறகடுப்பு. இரவெல்லாம் ஆட்டுக்கல் சுற்றும் ஓசை. விடியுமுன் இட்லிக் கொப்பரையின் ஆவி. பலகாரப் பட்டியல் சுவரிலோ அட்டையிலோ இராது. பரிமாறுபவர் வாயில் இருக்கும். அதனை அவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். உண்டு எழுந்து வாயிற்படியை நெருங்கும்போது, இன்னார் இவ்வளவு என்று உள்ளிருந்தே அவர் கூவ, கல்லாப்பெட்டியில் இருப்பவர் அத்தொகையைப் பெற்றுக்கொள்வார். தாளும் பென்சிலும் இல்லை. பத்துப் பேர் உண்ட கணக்கு ஒருவர் நினைவில் பிசகாமல் நிற்கும்.

இத்தகைய கடைகளில் வேலை பார்த்துப் பழகிய பின்னர், ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறு உணவகத்தைத் தாமே ஏற்று நடத்தும் நிலைக்குக் கிருஷ்ண ராவ் உயர்ந்தார். எடுபிடிக்கும் முதலாளிக்கும் இடையே உள்ள தூரம் அக்காலத்தில் நெடிதன்று என்று சிலர் கூறுவர். முதல் சிறிதாயின் போதும், ஒரு தெருவில் ஒரு கடை எடுத்துவிடலாம் என்பர். உண்மை அவ்வளவு எளிதன்று. உணவகத் தொழிலில் இன்று சமைத்தது இன்றே விற்கவேண்டும். பால் திரிந்தால், மாவு புளித்தால், சரக்கு மாஸ்டர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால், அன்றைய வருவாய் அன்றே போயிற்று. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குத் தலை சாய்ப்பவர்களுக்கே அத்தொழில் கைகூடும். ஆச்சாரப்பன் தெருவின் கடை கைகூடியது.

1920-களின் பிற்பகுதியில் அவர் மௌண்ட் ரோட்டுக்கு வந்தார். உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் என்ற பெயரில் அங்கே அவர் நடத்திய உணவகமே அவரைப் பெருநகரம் முழுவதும் அறியச் செய்தது. ஆச்சாரப்பன் தெருவிலிருந்து மௌண்ட் ரோட்டுக்கு இரண்டு மூன்று மைல் தொலைவுதான். ஆனால் அது ஓர் உலகிலிருந்து மற்றோர் உலகுக்குச் செல்வதாகும். மௌண்ட் ரோடு வெள்ளையரின் கடைவீதி. ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை, மணிக்கூண்டோடு நின்ற பி. ஆர் கம்பெனி எல்லாம் அங்கே இருந்தன. 1891 முதல் விளங்கிய கன்னிமாரா ஓட்டலும், இத்தாலி நாட்டு டி ஆஞ்சலிஸ் என்பார் நிறுவிய ஓட்டலும் துரைமாருக்கு உரியன. எலும்பிச்சைச் சாதமும் தயிரும் தேடுவோருக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்த வீதியிலேயே நாடகமும் சலனப்படமும் பார்க்க வருவோர், பத்திரிகை அலுவலகங்களில் பணிபுரிவோர், சட்டமன்ற அரசியல் பேசுவோர் எனப் புதியதோர் இந்தியக் கூட்டம் மாலைதோறும் பெருகி வந்தது. அவர்களுக்குத் தூய்மையான மேஜையும், நாற்காலியும், சூடு தணியாத தோசையும், டபராவில் நுரை ததும்பும் காபியும் வேண்டியிருந்தன. மசாலா தோசை என்னும் பலகாரத்தைப் பட்டணத்தின் நாவுக்கு இன்றியமையாததாக ஆக்கிய பெருமை உடுப்பிக்காரர்களையே சாரும். அவர்களுள் கிருஷ்ண ராவுக்கு முன்வரிசையில் இடமுண்டு.

இங்கே ஒரு செய்தியை மறைத்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. அக்காலத்துச் சைவ உணவகங்கள் பலவற்றில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ண முடியாது. பிராமணர்களுக்குத் தனியறை; ஏனையோர்க்கு வேறிடம்; தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பல கடைகளில் இடமே இல்லை. காசு ஒன்றுதான், காபி ஒன்றுதான், இருக்கை மட்டும் வேறு. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த இப்பிரிவினை கடுங்கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல் நீங்கியது. பெயர்ப் பலகைகளில் பிராமணாள் என்று எழுதும் வழக்கத்தை எதிர்த்து, 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். அச்சொல்லைத் தாங்கிய கடைகளின் சுவையை மட்டும் நினைந்து மகிழ்வோர், வாயிற்புறத்தில் நின்றவர்களையும் நினைக்கவேண்டும் என்பது நம் கருத்து. கிருஷ்ண ராவும் அந்த ஒழுங்குக்குள்ளிருந்து வந்தவரே. மடப்பள்ளியில் கற்ற ஆசாரத்தையே மூலதனமாகக் கொண்டவரே. அவர் சீர்திருத்தக்காரர் அல்லர். ஆனால் அவர் செய்த தொழிலின் இயல்பு வேறு வகையாக வேலை செய்தது. கதவைத் திறந்து வைத்துக் காசு வாங்கும் கடை, நாளடைவில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கிளர்ச்சி ஒருபுறம் தள்ளியது. வணிகம் ஒருபுறம் இழுத்தது. பந்தி நீண்டது. பக்கத்து இலைக்காரர் யாரென்று அறியாமலே பக்கத்தில் அமர்ந்து உண்ணும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு வந்தது இவ்வாறுதான்.

1938-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெரிய திருப்பம். இராயப்பேட்டையில் தோட்டமும் மரங்களும் சூழ நின்ற உட்லண்ட்ஸ் என்னும் பெருமாளிகை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அங்கே தங்கும் அறைகளோடு கூடிய சைவ ஓட்டலை அவர் தொடங்கினார். மாளிகைக்கு முன்பே இருந்த ஆங்கிலப் பெயரை அவர் மாற்றவில்லை. கிருஷ்ண விலாஸ் என்று பெயரிட்டுப் பழகியவர் இதனை ஏன் அப்படியே விட்டாரோ! ஆனால் காடு சூழ்ந்த நிலம் என்னும் பொருளுடைய அந்த ஆங்கிலச் சொல், சில ஆண்டுகளில் சாம்பாரையும் பூரிக்கிழங்கையும் குறிக்கும் தென்னாட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அதன் பின்னர் உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ் என்றே உலகம் அவரை அழைத்தது.

இம்முயற்சியின் அருமை, அதற்கு முன்னிருந்த நிலையை அறிந்தாலன்றி விளங்காது. சித்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ குடும்பத்தோடு சென்னைக்குச் செல்லும் நடுத்தர மனிதர் எங்கே தங்குவார்? உறவினர் வீடு இருந்தால் உறவினர் வீடு. இல்லையேல் சத்திரம். சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே இராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் எத்தனையோ ஆயிரம் பேருக்கு நிழல் தந்தது. அவர் அறம் வாழ்க. ஆயினும் சத்திரத்தில் பாயும் படுக்கையும் நாமே கொண்டு செல்லவேண்டும். சமையலும் நம் பாடு. ஐரோப்பிய ஓட்டல்களிலோ கட்டில் மெத்தை உண்டு, ஆனால் உணவும் முறையும் நமக்கு ஒவ்வா, வாடகையும் எட்டாது. இவ்விரண்டுக்கும் இடையில், தூய அறையும் தண்ணீர்க் குழாயும் வீட்டுச் சாப்பாட்டை ஒத்த உணவும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்கும் இடத்தை அமைத்துக் காட்டியது உட்லண்ட்ஸ். பெண்டிர் அச்சமின்றித் தங்கினர். திருமணங்கள் நடந்தன, வரவேற்புகள் நடந்தன. வீட்டில் பந்தலிட்டு நடத்திய மங்கலங்களை ஓட்டலில் நடத்தலாம் என்னும் எண்ணமே அப்பொழுது பலருக்குப் புதியது. பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். பிறகு அவர்களே தம் பேரன் திருமணத்துக்குத் தேதி கேட்டு வந்தனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் படையெடுப்பர் என்ற அச்சம் பரவ, சென்னை நகரமே பாதிக்கு மேல் காலியாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். வட ஆர்க்காட்டுக்கும் சித்தூருக்கும் நம் பகுதிக்கும் வந்தவர்கள் பலர். அரிசிப் பங்கீடும், சர்க்கரைப் பஞ்சமும், விறகுத் தட்டுப்பாடும் உணவகத் தொழிலை வாட்டின. பல கடைகள் கதவடைத்தன. அந்நாட்களைக் கடந்து நின்றவர்களே பின்னர்த் தழைத்தவர்கள். கிருஷ்ண ராவ் நின்றார்.

விடுதலைக்குப் பின் அவர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் சொந்தமாகப் புதிய உட்லண்ட்ஸை எழுப்பினார். 1952-இல் அது திறக்கப்பட்டது. அதனால் இராயப்பேட்டையில் இருந்தது பழைய உட்லண்ட்ஸ் எனப்பட்டது. ஒரே மனிதர் தம் வாழ்நாளிலேயே தாம் தொடங்கியதைப் பழையது என்று மக்கள் அழைக்கக் கேட்பது ஒரு பேறுதான். அந்தச் சாலை இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை. பெயருக்குரிய பெரியார் பிறந்த திருத்தணி, சித்தூர் மாவட்டத்தில் அரை நூற்றாண்டுக் காலம் இருந்து, 1960 ஏப்ரலில்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது என்பதைப் பலமனேர் அன்பர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

அப்பொழுது நகரில் போட்டிக்கும் குறைவில்லை. அதே துளுநாட்டுப் பகுதியினரான சீதாராம ராவ் 1954-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் என்னும் மாளிகை ஓட்டலைத் திறந்தார். மௌண்ட் ரோட்டில் 1951 முதல் புகாரி ஓட்டல் பிரியாணிக்குப் பெயர் பெற்றது. திருவல்லிக்கேணியில் 1948 முதல் இரத்னா கபே சாம்பாரில் மிதக்கும் இட்லிக்குப் பெயர் பெற்றது. அதனைத் தொடங்கியவர்கள் வடநாட்டுக் குடும்பத்தினர் என்பது சுவையான செய்தி. ஆக, சென்னையின் உணவு என்று இன்று நாம் போற்றுவனவற்றை எண்ணிப் பார்த்தால், துளுவர் தோசை, வடநாட்டார் சாம்பார் இட்லி, இலங்கையில் தொழில் கற்றுத் திரும்பிய முஸ்லிம் பெருமகனாரின் பிரியாணி என்றாகிறது. வந்தவர்களால் பட்டணம் கெட்டது என்று பேசுவோர் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டுதானே பேசுகிறார்கள்?

கிருஷ்ண ராவின் முயற்சிகளுள் மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது 1962-இல் கதீட்ரல் ரோட்டில் அவர் திறந்த டிரைவ்-இன் உணவகமாகும். 1835-இல் தோன்றிய தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பிலிருந்த நிலத்தில், பெருமரங்களின் நிழலில் அது அமைந்தது. காரில் வந்து, காரை விட்டு இறங்காமலே உண்ணும் வழக்கம் அமெரிக்க நாட்டில் பரவியிருந்தது. அவ்வழக்கத்தை அவர் சென்னைக்குக் கொண்டுவந்தார். காரின் கதவுக் கண்ணாடியில் தட்டு மாட்டப்படும்; பரிமாறுபவர் வெயிலில் நடந்து வந்து வடையும் காபியும் வைத்துச் செல்வார். சென்னையில் அன்று கார் வைத்திருந்தவர் எத்தனை பேர்? மிகச் சிலர். ஆகவே இது செல்வர்க்கான வேடிக்கை என்று எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. காருக்கென்று அமைத்த இடத்தில் ஸ்கூட்டரும் சைக்கிளும் நுழைந்தன. பிறகு கால்நடையாய் வந்தவர்கள் நுழைந்தனர். உள்ளே மேஜை நாற்காலிகள் இடப்பட்டன. ஒரு காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தாலும் எழுந்து போ என்று சொல்வார் இல்லை.

இதனால் அங்கே கூடிய கூட்டத்தின் வகை சொல்லி முடியாது. அருகிலிருந்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி மாணவியரும், அவர்களைக் காண வந்த பிற கல்லூரி மாணவரும். மருந்துப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு அன்றைய கணக்கை எழுதும் கம்பெனிப் பிரதிநிதிகள். ஜெமினி ஸ்டூடியோவிலிருந்தும் கோடம்பாக்கத்திலிருந்தும் வந்து கதை பேசும் திரைப்படத்தார். வாய்ப்புத் தேடித் திரியும் இளைஞர். மார்கழியில் மியூசிக் அகாடமியில் காலைக் கச்சேரி கேட்டு வந்து ராகத்தைப் பிரித்துப் பேசும் ரசிகர். காலை நடையை முடித்த ஓய்வு பெற்ற அதிகாரிகள். பெண் பார்க்கும் சடங்கைப் பெண் வீட்டில் நடத்தாமல் இங்கே நடத்திய இரு குடும்பத்தார். எத்தனை திரைப்படங்கள் அங்கே கருவுற்றன, எத்தனை கருவிலேயே கலைந்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அலுவலகம் வைக்க வசதியற்ற தொழில்முனைவோர் பலருக்கு அந்த மரத்தடி மேஜையே அலுவலகம். வாடகை ஒரு காபி.

பம்பரம் போலச் சுழன்று பரிமாறியவர்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். உடுப்பி ஓட்டல்களில் பணி செய்ய அந்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் பெரும்பாலும் சிறு வயதினர். கடை மூடியபின் அதே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, விடியுமுன் எழுந்து அதே கூடத்தைக் கழுவி வாழ்ந்தவர்கள். ஊருக்கு மணியார்டரும், ஆண்டுக்கொருமுறை பயணமும் அவர்கள் கண்ட இன்பம். அவர்களுள் சிலர் முதலாளிகள் ஆயினர்; பெரும்பாலோர் ஆகவில்லை. எடுபிடியாய்த் தொடங்கிய கிருஷ்ண ராவின் வெற்றியைச் சொல்லும்போது, அவ்வாறே தொடங்கி அவ்வாறே முடிந்தவர்களை மறப்பது முறையன்று. 1950-களின் நடுவில் கோயம்புத்தூரில் மாவரைக்கும் மின்பொறி செய்யப்பட்டு நாடெங்கும் பரவியபோது, அவர்களுடைய தோள்களுக்குத்தான் முதல் விடுதலை கிடைத்தது.

உட்லண்ட்ஸ் என்னும் பெயர் நாளடைவில் சென்னையோடு நிற்கவில்லை. பெங்களூர் முதலிய நகரங்களிலும், கடல் கடந்த நாடுகளிலும் அப்பெயர் தாங்கிய உணவகங்கள் எழுந்தன. அவருக்கு உறவானவை சில. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவை பல. உடுப்பி என்ற சொல்லுக்கும் அதே கதிதான். நம் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துவோர் அப்பெயர்ப் பலகையைக் கண்டு இறங்கும்போது, அடுப்படியில் நிற்பவர் துளுவரா தெலுங்கரா தமிழரா என்று கேட்பதில்லை; சைவ உணவு, சுத்தம், சூடு என்பதே அச்சொல்லுக்கு இன்று பொருள். ஓர் ஊரின் பெயர் ஒரு தரத்தின் பெயராக மாறுவதற்கு எத்தனை பேரின் உழைப்பு வேண்டியிருக்கிறது! கும்பகோணம் வெற்றிலைக்கும் மணப்பாறை முறுக்குக்கும் அப்பேறு உண்டு. ஆயினும் அவை பண்டத்தின் பெயர்கள்; உடுப்பியோ ஒரு முறையின் பெயர்.

கிருஷ்ண ராவ் தம் மடப்பள்ளிச் சமையலைக் கைவிடவில்லை. அதனைப் பட்டணத்தார் நாவுக்கேற்பச் சற்று வளைத்துக்கொண்டார். உடுப்பிச் சாம்பாரின் வெல்ல இனிப்பு சென்னையில் குறைந்தது, காரம் ஏறியது. இதனைத் தோல்வி என்பாரும் உளர். அதுவே வாழும் வழி என்பாரும் உளர். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசி, பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பிக்கும் நம்மவர்க்கு இந்தச் சாம்பார்க் கணக்கு நன்கு விளங்கும். எவ்வளவு வெல்லத்தைக் குறைப்பது, எவ்வளவைக் குறைக்காமல் வைத்திருப்பது என்பதே நாள்தோறும் நாம் போடும் கணக்கும்.

தொண்ணூறு ஆண்டுகளை ஒட்டிய நெடுவாழ்வு வாழ்ந்து, 1990-இல் கிருஷ்ண ராவ் மறைந்தார். அவர் வந்திறங்கிய பட்டணம் அப்போது அடையாளம் மாறியிருந்தது. மௌண்ட் ரோடு அண்ணா சாலை ஆகியிருந்தது; அதன்மேல் 1959 முதல் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் நின்றது; ஜெமினி ஸ்டூடியோவின் முனையில் 1973-இல் மேம்பாலம் எழுந்திருந்தது. ஆறாண்டு கழித்து, 1996-இல், மதராஸ் என்னும் ஆங்கிலப் பெயரும் போயிற்று.

டிரைவ்-இன் உணவகம் அவருக்குப்பின் பதினெட்டு ஆண்டு நடந்தது. அது நின்ற நிலம் அரசுக்குரியது. அரசு அதனைத் திரும்பப் பெற முனைந்தபோது, 2008-இல் உணவகம் மூடப்பட்டது. திறந்த நாளிலிருந்து நாற்பத்தாறு ஆண்டுகள். அரசின் உரிமையை மறுப்பதற்கில்லை. பொதுநிலம் பொதுமக்களுக்கே உரியது. ஆனால் பொதுமக்கள் ஏற்கெனவே அங்கேதான் அமர்ந்திருந்தார்கள் என்று எண்ணுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நாமும் அவர்கள் பக்கமே சாய்கிறோம். அவ்விடத்தில் இருபது ஏக்கர் பரப்பில் தாவரப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டு, 2010 நவம்பர் 24-ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியால் திறந்து வைக்கப்பெற்றது. செம்மொழிப் பூங்கா என்று அதற்குப் பெயரிட்டனர். துளுநாட்டிலிருந்து வந்தவர் அடுப்பு மூட்டிய இடம் தமிழின் பெயர் தாங்கிய தோட்டமாயிற்று. கிருஷ்ண ராவ் மறைந்து அப்பொழுது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.